உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில் வடக்கும் தெற்கும்: காப்பு வரியும் அடிமைமுறையும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861–1865) காரணங்களை ஆராய்வோருள் ஒரு சாரார், தொழில்வளம் மிக்க வடக்கிற்கும் வேளாண்மை சார்ந்த தெற்கிற்கும் இடையிலான பொருளாதார முரணை, சிறப்பாகக் காப்பு வரிச் சிக்கலை, முதன்மைப்படுத்துவர். அவர்தம் விளக்கத்தில் அடிமைமுறை பல காரணங்களுள் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அம்முரணே அடிமைமுறையின் விளைவு என்பது இக்கட்டுரையின் கருத்து.

1793இல் எலி விட்னி உருவாக்கிய, பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் எந்திரம் தெற்கின் போக்கை மாற்றியது. 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 39.5 இலட்சமாயிற்று. அவ்வாண்டில் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியே. அடிமைப்பட்ட மனிதர்களின் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. நாட்டின் இருப்புப்பாதைகள், ஆலைகள் ஆகியவற்றில் இடப்பட்டிருந்த மூலதனத்தைக் கூட்டினாலும் அது இதற்கு ஈடாகாது. தோட்டமுதலாளி தன் இலாபத்தைக் கொண்டு மேலும் நிலமும் மேலும் மனிதர்களையும் வாங்கினான். தெற்கில் ஆலைகள் பெருகாமைக்குச் சோம்பலோ தட்பவெப்பமோ காரணமன்று. முதலீட்டுக் கணக்கே காரணம். 1860இல் நாட்டிலிருந்த சுமார் 30,000 மைல் இருப்புப்பாதையில், பின்னர்ப் பிரிந்துசென்ற மாநிலங்களில் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

எனினும் இவற்றை இருவேறு பொருளாதாரங்கள் எனக் கொள்வது பிழை. மாசசூசெட்சின் லோவெல் நெசவாலைகள் தெற்கின் பருத்தியால் இயங்கின. அப்பருத்திக்குக் கடன், காப்பீடு, கப்பல் ஆகியவற்றை நியூயார்க் வணிகர் அளித்தனர். 1861 சனவரியில் அந்நகர மேயர் பெர்னாண்டோ உட், நகரமே ஒன்றியத்திலிருந்து விலகலாம் என முன்மொழிந்தமை இப்பிணைப்பின் ஆழத்தைக் காட்டும். பிரித்தானிய ஆலைகளும் அமெரிக்கப் பருத்தியையே பெரிதும் நம்பியிருந்தன. அச்சார்பைக் குறைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி 1840களில் மேற்கொண்ட முயற்சிகளுள், இராபர்ட் வைட் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் நடந்த அமெரிக்கப் பருத்திச் சாகுபடிச் சோதனையும் ஒன்று.

காப்பு வரிக்கு வருவோம். 1828ஆம் ஆண்டின் உயர் வரிச்சட்டத்தைத் தெற்கு கடுமையாக எதிர்த்தது உண்மை. 1832இல் தென் கரோலினா, 1828, 1832 ஆகிய ஆண்டுகளின் வரிச்சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லா என அறிவித்தது. அதற்குக் கோட்பாட்டு அடித்தளம் அமைத்தவர் கல்ஹூன். குடியரசுத் தலைவர் ஜாக்சன் உறுதியாக நிற்க, 1833இல் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் 1846லும் 1857லும் வரி குறைக்கப்பட்டது. வரியை மீண்டும் உயர்த்திய மோரில் சட்டம் மேலவையில் நிறைவேறியது 1861 பிப்ரவரியில். அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிவினையை அறிவித்துவிட்டன. அவற்றின் உறுப்பினர் விலகியமை அச்சட்டத்திற்கு வழியை எளிதாக்கியது. பின்னிகழ்ந்ததை முன்னதற்குக் காரணமாக்குதல் பொருந்தாது.

அரசியலில் தெற்கின் அச்சம் வேறு. அடிமைகளில் ஐவரை மூவராகக் கணக்கிடும் அரசமைப்பு விதி, வாக்குரிமையற்றோரின் தொகையால் அவர்தம் உடைமையாளரின் பிரதிநிதித்துவத்தை உயர்த்தியது. ஆயினும் குடியேற்றத்தால் வடக்கின் மக்கள்தொகை விரைந்து வளர்ந்தமையால் பிரதிநிதிகள் அவை தெற்கின் கையைவிட்டு நழுவியது. எஞ்சியது மேலவைச் சமநிலை. 1850இல் கலிபோர்னியா சேர்ந்ததும் அதுவும் 16க்கு 15 எனக் குலைந்தது. கான்சாஸ் குறித்த பூசல் குருதி சிந்துமளவு முற்றியதன் காரணம் இதுவே. 1860இல் பிரிந்துசென்ற மாநிலங்களின் தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட இன்றி லிங்கன் வென்றார்.

‘மாநில உரிமை’ என்னும் வாதமும் ஆராயத்தக்கது. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம், வடக்கு மாநிலங்களின் விருப்பத்திற்கு மாறாக நடுவண் அரசின் கையை வலுப்படுத்தியது. அதை வேண்டிப் பெற்றது தெற்கே. மாநில உரிமையை எடுத்துக்காட்டி அச்சட்டம் செல்லாது என்றது விஸ்கான்சின் உயர்நிலை நீதிமன்றம்; 1859இல் நடுவண் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 1860 திசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட பிரிவினைக் காரண அறிக்கையின் முதன்மைக் குறை, வடக்கு மாநிலங்கள் தப்பியோடியவர்களை ஒப்படைக்க மறுக்கின்றன என்பதாகும். காப்பு வரி அவ்வறிக்கையில் இடம்பெறவில்லை.