எண்டோகன்னபினாய்டுகளும் மனநிலையும்: ஓர் ஆய்வு வரலாறு

உடல் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் கன்னபினாய்டுச் சேர்மங்கள் எண்டோகன்னபினாய்டுகள் எனப்படுகின்றன. பயம், பதற்றம், நினைவாற்றல், பசி, வலி ஆகியவற்றைச் சீராக்குவதில் இவற்றுக்குப் பங்குண்டு. இவற்றைப் பற்றிய தேடல் கஞ்சாச் செடியிலிருந்து தொடங்கியது.

1964இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரபேல் மெக்கூலமும் எகியேல் காவோனியும், காவல்துறை பறிமுதல் செய்திருந்த ஹஷீஷிலிருந்து போதை தரும் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் வேதியியல் அமைப்பை வெளியிட்டனர். கொழுப்பில் எளிதில் கரையும் இப்பொருள் நரம்பணுச் சவ்வின் இயல்பைக் குலைத்தே போதை தருகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹௌலட்டும் வில்லியம் டிவேனும், கதிரியக்கக் குறியிட்ட செயற்கைக் கன்னபினாய்டைக் கொண்டு, எலி மூளையில் இதற்கெனத் தனி ஏற்பி இருப்பதை நிறுவினர். 1990இல் லிசா மட்சுதா குழுவினர் அதன் மரபணுவை அடையாளம் கண்டனர். சிபி1 எனப்படும் இந்த ஏற்பி ஹிப்போகாம்பஸ், சிறுமூளை, பெருமூளைப் புறணி ஆகிய பகுதிகளில் செறிந்துள்ளது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலோ மிகக் குறைவு. ஓபியம் வகைப் பொருள்களைப் போலக் கஞ்சா மூச்சை எளிதில் நிறுத்திவிடாததற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

ஏற்பி இருந்தால், அதில் பொருந்தும் சேர்மமும் உடலிலேயே இருக்க வேண்டும். 1992இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மெக்கூலம், டிவேன், லூமிர் ஹனுஷ் ஆகியோர் பன்றியின் மூளையிலிருந்து அத்தகைய கொழுப்புச் சேர்மம் ஒன்றைப் பிரித்து, அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். 1995இல் மெக்கூலம் குழுவும் ஜப்பானில் சுகியூரா குழுவும் தனித்தனியே 2-ஏஜி என்ற இரண்டாவது சேர்மத்தை அறிவித்தன. மூளையில் இதன் அளவு ஆனந்தமைடைவிடப் பல மடங்கு அதிகம்.

இவை செயல்படும் விதம் 2001இல் தெளிவானது. பிற நரம்புக் கடத்திகள் நுண்பைகளில் சேமிக்கப்பட்டு, சமிக்ஞை அனுப்பும் நரம்பணுவிலிருந்து பெறும் நரம்பணுவுக்குச் செல்கின்றன. எண்டோகன்னபினாய்டுகளின் பயணம் நேரெதிரானது. பெறும் நரம்பணு மிகையாகத் தூண்டப்படும்போது அதனுள் கால்சியம் உயர, சவ்வுக் கொழுப்பிலிருந்து 2-ஏஜி அப்போதைக்கப்போது உருவாகிறது. அது பின்னோக்கிச் சென்று, அனுப்பும் நரம்பு முனையிலுள்ள சிபி1 ஏற்பியில் பொருந்தி, குளூட்டமேட் அல்லது காபா என்னும் நரம்புக் கடத்தி வெளியாவதைக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. ஆக, மிகைத் தூண்டலுக்கு மூளை தானே இட்டுக்கொள்ளும் கடிவாளம் இது.

மனநிலையுடன் இதற்குள்ள தொடர்பை 2002இல் ஜியோவானி மார்சிகானோ குழுவின் சோதனை காட்டியது. ஓர் ஒலியைக் கேட்கச் செய்து சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. பின்னர் அதிர்ச்சியில்லாமல் ஒலி மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தபோது, இயல்பான எலிகளின் அச்சம் படிப்படியாகத் தணிந்தது. சிபி1 இல்லாத எலிகளோ ஒலி கேட்டபோதெல்லாம் உறைந்து நின்றன. பயத்தைக் கற்பதில் அவற்றுக்குக் குறையில்லை. அதைத் தணித்துக்கொள்வதில்தான் குறை இருந்தது.

மனிதரிடம் இதற்கான சான்று ஒரு மருந்தின் தோல்வியால் கிடைத்தது. சிபி1 ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட், 2006இல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்கு அனுமதிக்கப்பட்டது. பசியும் எடையும் குறைந்தன. ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் கூடின, தற்கொலை எண்ணம் பற்றிய அச்சமும் எழுந்தது. 2008இல் மருந்து விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

எதிர்வழியும் முயலப்பட்டது. ஆனந்தமைடைச் சிதைக்கும் எஃப்.ஏ.ஏ.எச். நொதியைத் தடுத்தால் எலிகளின் பதற்றம் குறைவதை 2003இல் டானியேலே பியோமெல்லி குழு கண்டது. ஆனால் 2016இல் பிரான்சின் ரென் நகரில் அத்தகைய மருந்தொன்றின் மனிதச் சோதனையில் பங்கேற்றோருள் ஒருவர் இறந்தார். சிலருக்கு மூளைப் பாதிப்பு ஏற்பட்டது. அம்மருந்து வேறு நொதிகளையும் தாக்கியதாகப் பின்னர் தெரியவந்தது. ஒரே ஏற்பி மூளையின் பல பகுதிகளில், தூண்டும் நரம்பணுக்களிலும் அடக்கும் நரம்பணுக்களிலும் இருப்பதால், மனநிலையை மட்டும் குறிவைத்து இவ்வமைப்பை மாற்றுவது கடினம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இவ்வழியில் மருந்து காணும் முயற்சிகளுக்கு இதுவே முதன்மைத் தடை.