கயிலாயப் பாதை அடைபட்ட காலங்கள்

தமிழ்நாட்டிலிருந்து கயிலாயத்துக்குப் புறப்பட்டு வழியில் நின்றுபோன பயணங்களில் மிகப் பழையது திருநாவுக்கரசருடையது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் காளத்தி, சீசைலம் கடந்து காசிக்குப் போய், அதற்கு வடக்கே துணையின்றி நடந்தார் என்கிறது பெரியபுராணம். பாதம் தேய்ந்ததும் கையூன்றித் தவழ்ந்தார், கை தேய்ந்ததும் மார்பால் நகர்ந்தார், கடைசியில் உருண்டார். முனிவராக வந்த சிவன் திரும்பிப் போகச் சொல்லியும் மறுத்தார். பிறகு அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அது விழாவாக நடக்கிறது. பக்திக் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாத பகுதி இது. வழித்துணையும் உணவும் இல்லாத நெடும்பயணத்தில் உடல் எப்படிப் படிப்படியாகக் கைவிடும் என்பதைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

திபெத்தில் இருக்கும் கயிலாயத்தின் உச்சிக்கு யாரும் ஏறுவதில்லை, வலம்தான் வருகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை வழியாகப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்கள் 14 கி.மீ. கிரிவலத்தை ஒரே இரவில் முடித்துவிடுவார்கள். கயிலாய வலம் சுமார் 52 கி.மீ.; பெரும்பாலும் மூன்று நாள் ஆகும். நடந்து பழகிய கால்களும் அங்கே தடுமாறுவதற்குக் காரணம் தூரம் அல்ல. அந்த வலத்தில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டில் யாத்திரையை நிறுத்தியது உயரம் அல்ல, எல்லை. 1954இல் இந்தியாவும் சீனாவும் திபெத் வணிகம் குறித்துச் செய்த ஒப்பந்தம் யாத்ரீகர்களுக்கும் வழிவிட்டது. 1962இல் அது காலாவதியானது. அதே ஆண்டு போரும் மூண்டது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கே கயிலாயம் படத்தில் மட்டும் பார்க்கும் மலையாகிவிட்டது. 1981இல் இந்தியாவிலிருந்து நேரே திபெத்துக்குச் செல்லும் லிபுலேக் கணவாய் வழி திறந்தது. அதற்காகச் சீனத் தலைவர்களிடம் பேசிய சுப்பிரமணியன் சுவாமி முதல் குழுவிலேயே சென்றார்.

அந்த வழியின் பெரும் துயரம் இந்திய மண்ணிலேயே நேர்ந்தது. 1998 ஆகஸ்ட் 18 அதிகாலையில், காளி ஆற்றங்கரையிலிருந்த மால்பா முகாம் மீது மலை சரிந்தது. இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். அவர்களில் 60 பேர் யாத்ரீகர்கள், நடனக் கலைஞர் புரோதிமா பேடி உட்பட.

இந்திய அரசு நடத்தும் யாத்திரைக்குக் குலுக்கல், மருத்துவப் பரிசோதனை, மலைநடை எல்லாம் உண்டு. அதில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் நிறுவனங்கள் மூலம் நேபாளம் வழியாகப் போனார்கள். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் காத்மாண்டுவுக்கு வடக்கே கோடாரி எல்லைச் சாலை மூடப்பட்டதும், கூட்டம் மேற்கு நேபாளத்துக்குத் திரும்பியது. நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட்டுக்குச் சிறு விமானம், அங்கிருந்து எல்லையோர ஹில்சாவுக்கு ஹெலிகாப்டர், பிறகு பாலம் தாண்டினால் திபெத். இந்தச் சங்கிலியில் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. விமானி கண்ணால் பார்த்து ஓட்டும் பள்ளத்தாக்கு அது. மேகம் இறங்கினால் எதுவும் பறக்காது. நடந்து இறங்கவோ பல நாள் ஆகும்.

2018 ஜூலை தொடக்கத்தில் அதுதான் நடந்தது. விடாத மழையில் சிமிகோட், ஹில்சா, திபெத் பக்கம் என மூன்று இடங்களிலும் சேர்த்து சுமார் 1,500 இந்தியர்கள் சிக்கினார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் இருந்தார்கள். கர்நாடகத்திலிருந்து மட்டும் 290 பேர். ஹில்சா சில விடுதிகள் மட்டுமே உள்ள சிற்றூர். ஒவ்வொரு குழு திபெத்திலிருந்து இறங்கும்போதும் அங்கே படுக்க இடம் குறைந்தது, மருந்து குறைந்தது. நேபாளப் பக்கம் வசதி போதாது, முடிந்தவரை யாத்ரீகர்களைத் திபெத் பக்கமே நிறுத்தி வையுங்கள் என்று இந்தியத் தூதரகம் பயண நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் ஊழியர்களின் தொலைபேசி எண்களையும் அது வெளியிட்டது. இந்தி தெரியாத முதியவர்களுக்கும், ஊரில் தவித்த பிள்ளைகளுக்கும் அந்த எண்கள் எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேகம் விலகிய இடைவெளிகளில் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சில நாட்களில் அவர்களை மீட்டன. அதற்குள் சிலர் இறந்துவிட்டிருந்தார்கள். உயர மலை நோயும் மாரடைப்பும் காரணங்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு கதவு சாத்தப்பட்டிருந்தது. வண்டியிலேயே பெரும்பகுதி போகலாம் என்பதால் வயதானவர்களுக்கு ஏற்றதென்று 2015இல் திறந்த சிக்கிமின் நாதுலா வழி, இந்திய, சீனப் படைகளிடையேயான டோக்லாம் மோதலால் 2017இல் மட்டும் நின்றது. 2020இல் கொரோனாவோடு எல்லைப் பதற்றமும் சேர, அரசு யாத்திரை ஐந்து ஆண்டுகள் நடக்கவேயில்லை.

2025 ஜூனில் அது மீண்டும் தொடங்கியது: லிபுலேக் வழியாக 5 குழுக்கள், நாதுலா வழியாக 10 குழுக்கள், மொத்தம் 750 பேருக்கு இடம். அடுத்த மாதமே, ஜூலை 8 அன்று, திபெத்திலிருந்து வந்த வெள்ளம் நேபாளத்தின் ரசுவாகடி எல்லையிலிருந்த நட்புப் பாலத்தை அடித்துச் சென்றது. ரசுவா வழியை நம்பியிருந்த தனியார் குழுக்கள் வேறு எல்லைகளுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.