பழைய வீடியோ கேம் தொகுப்புகள்

ஒரு காலத்தில் தனித்தனியாக விற்பனையான வீடியோ கேம்களைப் பல ஆண்டுகள் கழித்துப் புதிய கன்சோலில் ஓடும்படி செய்து, ஒரே வட்டிலோ ஒரே பதிவிறக்கத்திலோ சேர்த்து வெளியிடுவது தொகுப்பு எனப்படும். 1990களின் நடுவில் தனி வணிக வகையாக உருப்பெற்ற இது, இன்று பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என எல்லாக் கன்சோல்களிலும் ஆண்டு தவறாமல் வெளிவருகிறது. பழைய ஆட்டத்தில் காப்பாற்ற வேண்டியது எது? நிரலா, திரையில் தெரிந்த தோற்றமா, அதை ஆக்கியவர்களின் கதையா? ஒவ்வொரு தொகுப்பும் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. பல நேரங்களில் அந்த விடையை எழுதியவர் பொறியாளர் அல்ல, வக்கீல்.

முன்னோடிகள்

ஒரே கார்ட்ரிட்ஜில் பல ஆட்டங்களை அடைப்பது 1980களிலேயே இருந்தது. 1988இல் அமெரிக்காவில் நின்டெண்டோ தன் கன்சோலோடு சூப்பர் மரியோ பிரதர்ஸ், டக் ஹன்ட் இரண்டையும் ஒரே கார்ட்ரிட்ஜில் சேர்த்துக் கொடுத்தது. ஆனால் இரண்டுமே அப்போது நடப்பில் இருந்த சரக்கு. பழையதைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் அதில் இல்லை.

ஆசியாவில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்கள் திருட்டுப் பிரதி போட்டவர்கள். நின்டெண்டோவின் பேமிகாம் கன்சோலைப் பார்த்துச் செய்த நகல் இயந்திரங்கள் 1990களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தன. கூடவே வந்த கேசட்டின் மேல் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில மட்டுமே. மீதியெல்லாம் அதே மரியோவும் அதே கான்ட்ராவும் வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்குபவை. உரிமம் என்ற பேச்சே அங்கு இல்லை. ஒரு தலைமுறை மரியோவை அறிந்தது இந்த வழியில்தான் என்பதை எந்த அதிகாரபூர்வ வரலாறும் தன் பக்கங்களில் ஏற்றுவதில்லை. அமெரிக்காவிலும் இத்தகைய கேசட்டுக்கு ஒரு நிகர் உண்டு: நின்டெண்டோவின் உரிமமின்றி 1991இல் வெளிவந்த ஆக்‌ஷன் 52. 52 புதிய ஆட்டங்கள், விலை 199 டாலர். அவற்றில் சில தொடங்கக்கூட மறுத்தன.

திரும்ப வரைதல்

பழைய ஆட்டங்களைப் புதிய கருவிக்காகத் தொகுத்த முதல் பெரிய வெற்றி, 1993இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த சூப்பர் மரியோ ஆல்-ஸ்டார்ஸ். 1985 முதல் 1988 வரை வெளியான நான்கு மரியோ ஆட்டங்கள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்று, ஜப்பானில் 1986இல் வெளிவந்து, மிகக் கடினம் என்று அமெரிக்காவுக்கு அனுப்பாமல் விட்ட இரண்டாம் பாகம். படம், பின்னணி, இசை அத்தனையும் புதிதாகச் செய்யப்பட்டன. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் சேர்ந்தது. ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

ஆனால் நிரலைத் திரும்ப எழுதும்போது ஆட்டத்தின் ‘கை’ மாறிவிடுகிறது. அசலில் மரியோ செங்கல்லை உடைத்தால் தலை இடித்துச் சட்டென்று கீழே விழுவார். 1993 வடிவத்தில் உடைத்த பிறகும் மேலே போய்க்கொண்டிருப்பார். கவனிக்காதவருக்கு ஒன்றுமில்லை, மனப்பாடமாக ஆடியவருக்கு அது வேறு ஆட்டம். 2010இல் வீ கன்சோலுக்கு நின்டெண்டோ இதையே மறுபடி வெளியிட்டபோது எதையும் தொடவில்லை: தொகுப்பே பழம்பொருளாகி, அப்படியே வட்டில் ஏறியது.

எமுலேட்டரின் வருகை

மாற்று வழி, ஆட்டத்தை விட்டுவிட்டு இயந்திரத்தை நகலெடுப்பது. எமுலேட்டர் என்ற நிரல் பழைய கருவியின் செயலி, ஒலிச் சிப், காட்சிச் சுற்று எல்லாவற்றின் நடத்தையையும் மென்பொருளாகப் போலி செய்யும். சிப்பிலிருந்து எடுத்த அசல் நிரல் ஒரு பைட்டும் மாறாமல் அதன் மேல் ஓடும். தான் 1981இன் பெட்டியில் இல்லை என்பது அந்த நிரலுக்குத் தெரியாது.

விற்பனைச் சரக்கில் இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானது, 1992இல் கலிபோர்னியாவில் தோன்றிய டிஜிட்டல் எக்லிப்ஸ். வில்லியம்ஸ் நிறுவனத்தின் டிபென்டர், ஜவுஸ்ட், ரோபோட்ரான் ஆகிய, காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டங்களை முதலில் ஆப்பிள் மேக்கின்டாஷில் எமுலேட்டர் மூலம் ஓட்டிக் காட்டியது. 1996இல் அவையும் சினிஸ்டார் முதலியவையும் வில்லியம்ஸ் ஆர்கேட்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்ற பெயரில் பிளேஸ்டேஷனுக்கு வந்தன. 1995இல் ஆக்டிவிஷனும் தன் அட்டாரி 2600 கன்சோல் ஆட்டங்களை விண்டோஸில் இதே முறையில் விற்றது.

அதே 1995இன் இறுதியில் ஜப்பானில் நாம்கோ மியூசியம் வரிசையின் முதல் வட்டு வெளியானது. பேக்-மேன், கேலகா, போல் பொசிஷன் ஆகியவை அதில் இருந்தன. ஆட்டக்காரர் முப்பரிமாணக் கட்டடம் ஒன்றுக்குள் நடந்து, அறை அறையாக விளம்பரத் தாள்களையும் சுற்றுப்பலகைகளையும் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குள் நுழைய வேண்டும். ஐந்து வட்டுகளின் அட்டைகளை அடுக்கினால் நிறுவனத்தின் பெயரின் ஐந்து எழுத்துகளும் சேரும். அந்த நடை சலிப்பூட்டியது என்பது உண்மை. பதினைந்தே வயதான பேக்-மேனுக்கு அருங்காட்சியகம் கட்டுவது அன்று வேடிக்கையாகவும் இருந்திருக்கும். ஆனால் ஆட்டத்தைச் சுற்றியிருந்த காகிதமும் வரலாறே என்ற எண்ணம் இங்கேதான் முளைத்தது. பின்னால் வந்த ‘கேலரி’ப் பக்கங்கள் எல்லாம் இதன் வாரிசுகள்.

1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா மேம் என்ற இலவச ஆர்கேட் எமுலேட்டரை வெளியிட்டார். பொறிகளின் அமைப்பை ஆவணப்படுத்துவதே அதன் அறிவித்த நோக்கம்; பெரும்பாலோர் ஆடவே பயன்படுத்தினார்கள். நிறுவனங்கள் எமுலேட்டர் என்றாலே திருட்டு என்று பேசின. கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் எமுலேட்டரை எதிர்த்து சோனி தொடுத்த வழக்கில், பொறியமைப்பைப் பிரித்தறிந்து எமுலேட்டர் எழுதுவது நியாயமான பயன்பாடே என்று 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கையால் எமுலேட்டரைச் சாடிக்கொண்டே மறு கையால் அதைத் தங்கள் தொகுப்பில் வைத்து விற்றது அந்தக் காலத்து வினோதம்.

பெருக்கம்

சிடி, டிவிடியின் கொள்ளளவு பழைய ஆட்டங்களுக்குக் கடல்போல இருந்ததால் 2000களில் தொகுப்புகள் குவிந்தன: சோனிக் மெகா கலெக்‌ஷன் (2002), மிட்வே ஆர்கேட் ட்ரெஷர்ஸ் (2003), அட்டாரி ஆந்தாலஜி (2004), கேப்காம் கிளாசிக்ஸ், டைட்டோ லெஜண்ட்ஸ் (இரண்டும் 2005). எண்ணிக்கையே விளம்பரம். தரம் ஏறியும் இறங்கியும் இருந்தது. இந்தக் கட்டத்தில் ஜப்பானில் எம்2 என்ற சிறு நிறுவனம் சேகா ஏஜஸ் வரிசையில் எமுலேட்டரின் துல்லியத்தையே தன் கையெழுத்தாக்கிக்கொண்டது கவனிக்கத்தக்கது.

முப்பரிமாணக் காலத்து ஆட்டங்களை உயர்தெளிவுத் திரைக்குக் கொண்டுவரும்போது பலர் மறுபடி நிரலைத் திருத்தும் வழிக்குத் திரும்பினார்கள். 2009இன் காட் ஆஃப் வார் கலெக்‌ஷன் நன்றாக வந்தது. 2012இன் சைலன்ட் ஹில் எச்டி கலெக்‌ஷன் எச்சரிக்கையாக நின்றது. முழுமையடைந்த மூலநிரல் வெளியீட்டாளரான கோனாமியிடம் இல்லாததால், திருத்தும் குழுவுக்கு முடிவடையாத பழைய படியே கிடைத்தது. முதல் வெளியீட்டுக்கு முன் களைந்திருந்த பிழைகளை அவர்கள் மறுபடி களைய வேண்டியிருந்தது. அசலின் அடர்ந்த மூடுபனியும் சரியாக வரவில்லை. அந்தப் பனியில்தான் அந்த ஆட்டத்தின் பயமே இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு பெரிய நிறுவனம் தன் சொந்தச் சரக்கின் மூலத்தைத் தொலைத்துவிடும் என்பதை இத்துறை இப்படித்தான் ஒப்புக்கொண்டது.

திரைச் சிக்கல்

பழைய ஆட்டங்கள் படக்குழாய் டிவிக்காக வரையப்பட்டவை. நின்டெண்டோவின் முதல் கன்சோல் தந்த படம் 256 புள்ளி அகலம், 240 வரி உயரம். அது நான்குக்கு மூன்று என்ற விகிதத் திரையில் சற்று அகன்று விழும். இன்றைய அகலத்திரையில் அதை இழுத்து நிரப்பினால் மரியோ குண்டாகிவிடுவார். புள்ளிகளைச் சதுரமாக வைத்தால் மெலிந்துவிடுவார். ஆகவே இப்போதைய தொகுப்புகள் மூன்று நான்கு அளவுகளைக் கொடுத்து, பக்கங்களில் மிஞ்சும் கறுப்பு இடத்தைச் சித்திரச் சட்டத்தால் மூடுகின்றன. பேக்-மேன் போன்ற ஆர்கேட் ஆட்டங்களில் திரையே நிமிர்ந்து நின்றது. சிலர் ஸ்விட்சை நெட்டுக்குத்தாக நிறுத்தி ஆடுவது அதற்காகத்தான்.

இதைவிட நுட்பமானது கலங்கல். சேகாவின் சோனிக் ஆட்டத்தில் அருவி, நெடுக்கு வரிகளை ஒன்றுவிட்டு ஒன்று வரைந்து செய்தது. பழைய வீடியோ கேபிளின் மங்கலில் அந்த வரிகள் கரைந்து, தண்ணீர் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். தெளிவான டிஜிட்டல் இணைப்பில் அது வெறும் சீப்புப் பல். ஓவியர் நம்பியிருந்த குறையைக் கருவி திருத்திவிட்டது. வரிக்கோடு வடிகட்டிகளும் படக்குழாய்ப் பாவனைகளும் அலங்காரமல்ல, ஓவியத்தின் மிச்சப் பாதி. அவற்றை அணைத்துவிட்டு ‘எவ்வளவு சுத்தம்’ என்று வியப்பவர் பாதிப் படத்தைப் பார்க்கிறார். டக் ஹன்ட் போன்ற துப்பாக்கி ஆட்டங்களின் கதி இன்னும் மோசம்: அந்தத் துப்பாக்கி படக்குழாய் ஒளிரும் நொடியைக் கணித்தே குறி பார்க்கும், தட்டைத் திரையில் அசல் துப்பாக்கி வேலையே செய்யாது.

பொத்தானை அழுத்தியதும் திரையில் விளைவு தெரிவதில் உள்ள தாமதம், ஐரோப்பிய டிவிக்கான 50 ஹெர்ட்ஸ் வடிவங்களின் மந்தம் ஆகியவையும் நெடுநாள் குறைகள். 2018இல் சோனியே விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் சிறு கருவியில் 20 ஆட்டங்களில் 9 அந்த மந்தமான வடிவில் வந்தது பலரைச் சீற வைத்தது. மறுபுறம், அசலின் குறைகளை வேண்டுமென்றே வைத்திருப்பதும் உண்டு. 2015இன் மெகா மேன் லெகசி கலெக்‌ஷனில் டிஜிட்டல் எக்லிப்ஸ் பழைய கன்சோலின் தடுமாற்றத்தையும் உருவங்களின் மினுக்கலையும் அப்படியே விட்டது. ஒரு வரியில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாத சிப்பின் எல்லைக்குள்தான் அந்த ஆட்டத்தின் சவாலே சமைக்கப்பட்டது என்பது அவர்கள் வாதம். சரியான வாதமே.

நினைத்த இடத்தில் சேமிப்பது, தவறினால் பின்னோக்கி ஓட்டுவது ஆகிய வசதிகள் 2010களில் வழக்கமாயின. காசைத் தின்பதற்கென்றே கடினமாக்கிய ஆர்கேட் ஆட்டங்களை இவை பலருக்கும் திறந்துவிட்டன. அரைமணி நேரத்தில் முடிந்துபோகும்படியும் செய்தன.

ஆவணமாதல்

2015இன் ரேர் ரீப்ளே, பிரிட்டிஷ் நிறுவனமான ரேரின் 30 ஆண்டுகளுக்கு 30 ஆட்டங்கள் என்ற கணக்கில், 30 டாலர் விலையில் வந்தது. 1983இன் ஜெட்பேக்கிலிருந்து ஆட ஆட, ஆக்கியவர்கள் பேசும் காணொளிகள் திறந்துகொண்டே போகும்.

2022இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் செய்த அட்டாரி 50 இந்த வகையையே திருப்பிப் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இருந்தாலும் முகப்பில் நிற்பது பட்டியலல்ல, காலக்கோடு. நேர்காணல், வரைபடம், விளம்பரம் என்று கடந்து வருகையில் அந்தந்த இடத்தில் ஆட்டம் வரும், படித்தபடியே ஆடலாம். 1980களில் பரிசுப் போட்டியோடு தொடங்கி நான்காம் பாகம் வராமலே நின்றுபோன சோர்ட்குவெஸ்ட் வரிசைக்கு அந்த நான்காம் பாகத்தையே புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். பாதுகாப்பவர் இப்படிப் புதிதாக ஆக்கலாமா என்பது வேறு விவாதம். 2023இன் தி மேக்கிங் ஆஃப் கராத்தேகா, ஜோர்டன் மெக்னர் மாணவராக இருந்தபோது எழுதி 1984இல் வெளியான ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் முன்வடிவங்களையும் ஆடத் தந்தது. தொகுப்பு என்று வந்தவற்றுள் ஆகச் சிறந்தது இதுவே எனலாம். முப்பது ஆட்டங்களை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றை அடிவரை தோண்டுவது கூடுதலாகச் சொல்லித் தருகிறது. அதே ஆண்டு அட்டாரி நிறுவனம் டிஜிட்டல் எக்லிப்ஸை வாங்கிக்கொண்டது.

உரிமையும் இல்லாதவையும்

தொகுப்பை அதில் இல்லாதவற்றைக் கொண்டும் படிக்க வேண்டும். ரேர் ரீப்ளேயில் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற கோல்டன்ஐ 007 இல்லை. ஜேம்ஸ் பாண்ட் உரிமையும் நின்டெண்டோவின் பங்கும் குறுக்கே நின்றன. அந்த ஆட்டம் 2023இல்தான் புதிய கன்சோல்களுக்கு வந்தது. அட்டாரி 50 வெளியானபோது, அட்டாரியின் வீழ்ச்சிக்கு அடையாளமாகிப்போன இ.டி. ஆட்டம் அதில் இல்லை. கிரேஸி டாக்ஸி 2010இல் திரும்பியபோது தி ஆஃப்ஸ்பிரிங் குழுவின் பாடல்களும் சாலையோர உணவகங்களின் பெயர்களும் காணாமல் போயிருந்தன. 2022இன் சோனிக் ஆரிஜின்ஸில் மூன்றாம் பாகத்தின் சில கட்டங்களுக்கு வேறு இசை.

சேர்ப்பதற்காக அகற்றுவதும் நடக்கிறது. சோனிக் ஆரிஜின்ஸ் வருமுன் சேகா அதிலுள்ள பழைய ஆட்டங்களின் தனிப் பிரதிகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. நின்டெண்டோ 2020 செப்டம்பரில் வெளியிட்ட சூப்பர் மரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸை 2021 மார்ச் 31உடன் நிறுத்தியது. பழசைக் கிடைக்கச் செய்யும் சரக்குக்கே கெடு வைத்தது, தட்டுப்பாடும் விற்பனை உத்திதான் என்று காட்டியது.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. மெகா மேன் லெகசி கலெக்‌ஷனில் பணியாற்றிய ஃபிராங்க் சிஃபால்டியே இந்த அமைப்பைத் தொடங்கியவர். விற்பனையில் இல்லாத ஆட்டங்களை ஆய்வாளர்கள் நூலகங்களிலிருந்து தொலைவில் இருந்தே ஆடிப்பார்க்க விதிவிலக்கு கோரிய மனுவை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. எதிர்த்து வாதாடிய வீடியோ கேம் நிறுவனங்களின் சங்கம் முன்வைத்த காரணங்களில் ஒன்று, பழைய ஆட்டங்களை மறுவெளியீடு செய்யும் சந்தை கெட்டுவிடும் என்பது.