அதிபருடன் மக்கள் ஒத்துழைப்பு அலுவலகம்

அதிபருடன் மக்கள் ஒத்துழைப்பு அலுவலகம் என்பது ஈரானின் முதல் அதிபர் அபோல்ஹசன் பனி சத்ரின் ஆதரவாளர்கள் 1980-இல் தொடங்கிய அரசியல் அமைப்பு. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் பதவி பறிபோனபோதே அதன் கதையும் முடிந்தது.

பாரிசில் பொருளாதாரம் பயின்ற பனி சத்ர், 1979 பிப்ரவரி 1 அன்று புரட்சித் தலைவர் கொமெய்னியுடன் நாடு திரும்பியவர். 1980 ஜனவரி 25-இல் நடந்த அதிபர் தேர்தலில் சுமார் 1.07 கோடி வாக்குகள் பெற்றார்; பதிவானவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. மதகுருமார் தலைமையிலான எதிரணி தடுமாறியதும் அவருக்குச் சாதகமாயிற்று. மதகுருமார் அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதைக் கொமெய்னி அப்போது விரும்பவில்லை. எதிரணியின் இஸ்லாமியக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜலாலுத்தீன் ஃபார்சிக்கோ, தந்தை ஆப்கானியர் என்ற சர்ச்சையால் விலக நேர்ந்தது.

வென்றவருக்குக் கட்சி இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டவே அலுவலகம் முளைத்தது. அகமது சலாமத்தியான் போன்றோர் அதில் முக்கியமானவர்கள். ஆனால் பள்ளிவாசல்கள், புரட்சிக் குழுக்கள், புரட்சிக் காவல் படை என்று ஊர்தோறும் வேரூன்றியிருந்த எதிரணிக்கு அது ஈடாகவில்லை. 1980 மார்ச், மே மாதங்களில் இரு சுற்றாக நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் மதகுரு பெஹெஷ்தியின் இஸ்லாமியக் குடியரசுக் கட்சியும் அதன் தோழமை அணியினரும் பெரும்பான்மை பெற்றனர். அதிபர் விரும்பாத முகமது அலி ரஜாய் பிரதமரானார். செப்டம்பரில் ஈராக்குடன் போர் மூண்டதும் பனி சத்ர் பெரும்பாலும் போர்முனையில் இருந்தார். தலைநகர் அரசியல் எதிரிகள் கைக்குப் போனது.

1981 மார்ச் 5, முன்னாள் பிரதமர் மொசாதெக்கின் நினைவு நாள். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் பனி சத்ர் பேசிய கூட்டத்தில் எதிர்ப்பாளர்கள் புகுந்து கலாட்டா செய்தார்கள். அதிபரின் ஆதரவாளர்கள் அவர்களில் சிலரை மடக்கிப் பிடித்து, சட்டைப் பையில் கிடைத்த அடையாள அட்டைகளைக் கூட்டத்திலேயே வாசித்துக் காட்டினர். புரட்சிக் குழுக்களோடு தொடர்புடையவர்கள் என்பது அதில் தெரிந்தது. அன்றைக்கு அது வெற்றிதான். ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்தவர் அதிபரே என்று எதிரணி பிரசாரம் செய்ய அதுவே வாய்ப்பானது. இரு தரப்புப் பூசலைத் தீர்க்கக் கொமெய்னி மூவர் குழு அமைத்தார். குழு பனி சத்ருக்கு எதிராகத் திரும்பியது.

ஜூன் 7-இல் அவருடைய நாளிதழ் ‘இன்கிலாபே இஸ்லாமி’ தடைசெய்யப்பட்டது. ஜூன் 10-இல் முப்படைத் தளபதி பொறுப்பு பறிக்கப்பட்டது. 21-இல் நாடாளுமன்றம் அவரைத் தகுதியற்றவராக அறிவித்தது: ஆதரவு 177, எதிர்ப்பு 1. மறுநாள் கொமெய்னி பதவிநீக்கத்துக்கு ஒப்புதல் தந்தார். அமைப்போடு தொடர்புடையவர்கள் வேட்டையாடப்பட்டனர். சிலருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தலைமறைவான பனி சத்ர் ஜூலை இறுதியில் விமானப்படை விமானமொன்றில் பாரிசுக்குத் தப்பினார். அங்கிருந்தபடி தன் பத்திரிகையை மீண்டும் வெளியிட்டார்.