சம்மனுக்கு வயதாகாது, உரிமைக்குத்தான் வயதாகும்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர் பாருவில் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். "ஆறு வருஷத்துக்கு முந்தின சம்மன்தானேண்ணே? அதெல்லாம் எப்பவோ செத்துப் போயிருக்கும், விடுங்க!" சொல்கிறவர் உறுதியாகச் சொல்கிறார். கேட்கிறவரும் நம்பி, சம்மனை மேசை டிராயரில் போட்டு மூடிவிடுகிறார்.

இந்த ஆறு ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? அதன் பூர்வீகத்தைத் தேடினால் நானூறு ஆண்டுகள் பின்னே போக வேண்டியிருக்கிறது.

1623. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சி. பழைய கடனை எப்போது வேண்டுமானாலும் தோண்டி எடுத்து வழக்குப் போடலாம் என்றால் சாட்சி இறந்திருப்பார், பத்திரம் தொலைந்திருக்கும். எனவே சாதாரணக் கடன் வழக்குகளுக்கு 6 ஆண்டு எல்லை வகுத்தார்கள். அதே 6 ஆண்டுதான் நம் நாட்டின் 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அது ஒப்பந்தம், நட்டஈடு போன்ற சிவில் வழக்குகளுக்கு உரியது. குற்ற வழக்குகளுக்கு அல்ல.

குற்ற வழக்கில் ஆங்கிலேயரின் கொள்கையே வேறு. அரசருக்கு எதிராகக் காலம் ஓடாது என்பது அவர்களின் பழைய விதி. மாஜிஸ்திரேட் விசாரிக்கும் சிறு குற்றங்களுக்கு மட்டும் 1848-இல் ஒரு சலுகை தந்தார்கள். 6 மாதத்திற்குள் புகார் வராவிட்டால் வழக்கு இல்லை. இந்தியாவும் 1974 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. மூன்றாண்டு வரை சிறை என்றால் மூன்றாண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம்.

இங்கே வந்தது பாதிதான். 1895-லேயே சொந்த அரசியல் சட்டம் எழுதிக்கொண்ட ஜொகூர், 1914-இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றது. 1924-இல் சிங்கப்பூர் பாலமும் முறைப்படி திறக்கப்பட்டது. நாளடைவில் ஆங்கிலச் சட்டமுறை இங்கு வேரூன்றியது. சிவில் வழக்கின் 6 ஆண்டு கப்பலேறி வந்தது. சிறு குற்றத்தின் 6 மாதம் பொது விதியாக வரவில்லை. 1958-ஆம் ஆண்டுச் சாலைச் சட்டம் போய் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்த பிறகும் நிலைமை அதுவே. பாலத்துக்கு அக்கரையிலும் குற்றங்களுக்குப் பொதுவான காலவரம்பு கிடையாது.

ஆகவே பழைய சம்மன் தானாகச் சாவதில்லை. நீதிமன்றம் அழைத்தும் போகாமல் கைது ஆணை பிறந்துவிட்டால், அது நிறைவேற்றப்படும் வரை அல்லது நீதிமன்றமே அதை ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும்.

பிறகு ஏன் மக்கள் காத்திருக்கிறார்கள்? காத்திருந்தவர்களுக்குச் சில வேளை லாபம் கிடைத்தது என்பதே காரணம். 2012-இல் ஏஇஎஸ் கேமராக்கள் வந்தன. 2018-இல் கட்டப்படாத ஏஇஎஸ் சம்மன்களை அரசாங்கம் ரத்து செய்தது. மதிப்பு சுமார் 43 கோடியே 50 இலட்சம் ரிங்கிட். போலீஸ் சம்மன்களுக்கும் அவ்வப்போது பாதி விலைக் கழிவு வந்தது. இவை அரசாங்கம் காட்டிய சலுகை. காலம் கடந்ததால் கிடைத்த உரிமை அல்ல. 2026 தொடக்கம் கணக்கு மாறிவிட்டது. 15 நாளுக்குள் கட்டினால் பாதி. 60 நாளைத் தாண்டினால் நீதிமன்றம்.

நேயர்களே, எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். சாகாத சம்மனைச் செத்ததாக நினைக்கும் நாம், சாகக்கூடிய நம் உரிமையைச் சாகாது என்று நினைக்கிறோம்.

குளுவாங் பக்கம் ஒரு குடும்பம். மோட்டார் சைக்கிள் விபத்தில் மகன் இறந்துபோனான். "கருமாதி முடியட்டும், திவசம் முடியட்டும்" என்று தாயார் தள்ளிப்போட்டார். நான்காம் ஆண்டில் வக்கீலைப் பார்க்கப் போனார். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி, இறந்தவரை நம்பியிருந்தவர்கள் மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும். கதவு மூடிவிட்டது.

காயத்துக்கான நட்டஈடு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு. சாலைக் குழியில் விழுந்து பொது அதிகாரத் தரப்பின் மீது வழக்கென்றால் 36 மாதம். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டு மனுச் செய்ய வெறும் 60 நாள். இவையெல்லாம் நமக்கு எதிராக ஓடும் கடிகாரங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்த டிராயரைத் திறந்து பாருங்கள். சம்மன் இருந்தால் அதன் நிலையை விசாரித்துத் தீர்த்துவிடுங்கள். அதே டிராயரில் விபத்து போலீஸ் ரிப்போர்ட்டோ வேலைநீக்கக் கடிதமோ கிடந்தால், முதலில் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடுங்கள். சம்மன் உங்களுக்காகக் காத்திருக்கும், உரிமை காத்திருக்காது.