மேட்டு நிலத்து முன்னோர் போட்ட கணக்கு

பிரெஞ்சு வழிப் பள்ளியில் எங்களுக்கு உழவின் வரலாறு என்றால் நைல் நதிதான். வெள்ளம் வரும், வண்டல் படியும், கோதுமை விளையும். நம் கொங்குச் சீமைக்கு அந்தக் கதை பொருந்தாது.

நம்முடையது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட மேடு. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் மறித்துவிடுகின்றன. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்.

ஆகவே முன்னோர் எதையும் தனியாக நம்பவில்லை. பெய்த மழைக்குக் கம்பு, சோளம், கொள்ளு விதைத்தார்கள். நொய்யல் வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் குளங்களில் தேக்கினார்கள். அந்த நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த தடயங்களும் கிடைத்தன. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் புன்செய்ச் சீமையில் கைத்தொழிலும் வணிகமும் தழைத்திருந்தன.

தலைமுறைகளாக வரும் இன்னொரு ஏற்பாடு காங்கயம் பக்கத்துக் கொறங்காடு. மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். புல் காய்ந்த கோடையிலும் வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காட்டை மாற்றி மாற்றி மேய்த்தால் புல் மறுபடி துளிர்க்கும். வெள்ளாமை பொய்த்தாலும் மாடு மிஞ்சும். மாடு மிஞ்சினால் மறுவருடம் ஏர் ஓடும்.

இன்று கொறங்காடுகள் மனைகளாகின்றன. ஊரே பனியன் ஒன்றை நம்பி நிற்கிறது. ஆர்டர் குறைந்தால் காதர்பேட்டையே களையிழக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும் என்ற அந்தப் பழைய கணக்கைப் பேரப்பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.