அமைதி என்னும் சொல்

அமைதி என்றவுடன் ஓசையின்மையே நம்மவர் பலர்க்கு நினைவில் எழுகின்றது. பள்ளியில் ஆசிரியர் மேசையைத் தட்டி அதட்டுவதும், கூட்டத்தில் தலைவர் கையமர்த்துவதும் இச்சொல்லால்தான். ஆயின், இதன் வரலாறு வேறு.

‘அமை’ என்பது வினை; பொருந்துதல், நிரம்புதல் என்பன அதன் பொருள். ‘பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தது’ என்று லயத்துக் கிழவியும் சொல்கிறாள். அவள் அகராதி புரட்டினவள் அல்லள். சென்னைப் பல்கலைக் கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியிலும் தன்மை, நிறைவு, மாட்சிமை எனப் பல பொருள்கள் உள; சாந்தம் அவற்றுள் ஒன்றே.

இலக்கண நூலாரிடம் இன்னும் சுவையான வழக்கொன்று காண்கிறோம். விதியினின்று வழுவிய தொடரை, தக்க காரணம் இருப்பின் தள்ளாது ஏற்றுக்கொள்வதை ‘வழுவமைதி’ என்றனர். பசுவை ஒருவன் அன்பு மேலிட்டு ‘அம்மை’ என்று அழைத்தால், அஃறிணை உயர்திணையாகிவிடுகிறது, வழுவே. எனினும், உவகை முதலிய காரணங்களால் இவ்வாறு மயங்குவதும் இயல்பே என நன்னூல் இடங்கொடுக்கிறது. கவனிக்க வேண்டும்: இங்கே அமைதியாவது வாயை மூடச் சொல்வதன்று, பேசினவன் காரணத்தை உணர்ந்து அவனுக்கு இடங்கொடுப்பது!

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தார் சாந்தி முதலிய வடசொற்களுக்கு ஈடாக இதனை எடுத்தாண்டனர். நற்பணியே; பழைய பொருள்கள்தாம் பின்தங்கிவிட்டன.

இது வெறும் புலவர் வழக்கன்று. 1941-இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகட்குப் பள்ளி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றைக் கோரினர். துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. கிராணி வேலை பார்க்கும் நாம் இதனை இருமுறை படிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

காரணம் கேட்டு அமைத்துக்கொள்ளும் வழி அன்றைய அரசினர்க்குத் தோன்றவில்லை. மே மாதம் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினர். நெருக்கடிநிலை சாற்றிப் படையை இறக்கினர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். வேலைநிறுத்தம் முறிந்தது, தோட்டங்களில் ஓசையும் அடங்கிற்று. அதனை அமைதி என்று எழுதுவோர்க்கு, ஒடுக்கம் என்றொரு சொல்லும் தமிழில் உண்டென்பதை நினைவூட்டுகிறோம்.